குடையை மடக்க மாட்டேன்

லைட்ஹவுஸ் குப்பம்,
27.5.2025, செவ்வாய்.

பஹ்ரைன் கடலில் இருக்கும் மாமாவுக்கு, இங்கே கரையில் இருக்கும் ஜமுனா எழுதுவது.

நலம், நலமறிய ஆவல் என்று தொடங்கத்தான் பள்ளிக்கூடத்தில் சொல்லிக்கொடுத்தார்கள். நலமாக இல்லாதவள் எப்படித் தொடங்குவது என்று யாரும் சொல்லிக்கொடுக்கவில்லை. உயிரோடு இருக்கிறேன். நேரத்துக்குச் சாப்பிடுகிறேன். மாத்திரையை ஒருநாள்கூட விடவில்லை. அத்தை நன்றாக இருக்கிறாள். என் நைனா முட்டிவலியோடு கடலுக்குப் போய் வருகிறார். நீங்கள் நலமா என்று நான் கேட்கப்போவதில்லை. முந்தாநாள் உங்கள் குரலைக் கேட்டேன். நலமாகத்தான் இருந்தது.

நேரில் உங்களை நீ, வா, போ என்றுதான் பேசுவேன். இந்தக் கடிதத்தில் நீங்கள்தான். கோபம் வந்தால் எனக்கு மரியாதை கூடிவிடும் என்று சின்ன வயசிலிருந்தே உங்களுக்குத் தெரியும்.

அந்தக் குரலைப் பற்றித்தான் முதலில். உங்கள் அக்கா கஸ்தூரி அண்ணிக்கு நீங்கள் வாட்ஸப்பில் பேசி அனுப்பினீர்களே, பதினோரு வினாடி. "ஊர் இன்னா சொல்லுதோ அதும்படி செய்ங்க, எனக்கு சம்மதம்"னு. பின்னால் போட் எஞ்சின் சத்தம். அதை அண்ணி ஞாயிற்றுக்கிழமை ஊர்க்கூட்டத்தில் போனைத் தூக்கிப் பிடித்து எல்லோருக்கும் போட்டுக் காட்டினாள். சரியாகக் கேட்கவில்லை என்று பின்னால் இருந்தவர்கள் சொன்னதால் இரண்டாம் தடவையும் போட்டாள். என் புருஷன் என்னைக் கைகழுவுவதை நான் ஊரோடு சேர்ந்து இரண்டு தடவை கேட்டேன்.

அதனால்தான் காகிதம். குரலை யாரும் யாருக்கும் தள்ளிவிடலாம். இதை நம் பிரபாகரன் கையில் கொடுக்கிறேன். அவன் லீவு முடிந்து வெள்ளிக்கிழமை கிளம்பி உங்கள் போட்டுக்குத்தானே வருகிறான். வேறு யாரிடமும் கொடுக்கக் கூடாது என்று சத்தியம் வாங்கியிருக்கிறேன். பதிலையும் நீங்கள் கையால் எழுத வேண்டும். ஊர் அதைத்தான் கேட்டிருக்கிறது. ஆடித் திருவிழாவுக்குள், ஜமுனாவோடு வாழ்கிறேன் என்றோ, விலக்கிவிடுகிறேன் என்றோ உங்கள் கையெழுத்தில் வர வேண்டும். இல்லாவிட்டால் நீங்களே வந்து நின்று சொல்ல வேண்டும். போனில் வந்த குரல் செல்லாது என்று தலைவர் தசரதன் சொல்லிவிட்டார். அவர் வாயிலிருந்து அது எப்படி வந்தது என்பதைச் சொல்லத்தான் இத்தனை பக்கம்.

அதற்கு முன்னால் என் தப்பு ஒன்று இருக்கிறது. கடலில் இருக்கிற ஆளுக்கு எதற்கு வேதனை என்று எல்லாவற்றையும் உங்களிடம் பாதி பாதியாகச் சொன்னேன். மீதிப் பாதியை உங்கள் அக்கா தன் இஷ்டத்துக்கு நிரப்பிவிட்டாள். இப்போது முழுசாகச் சொல்கிறேன். உட்கார்ந்து படியுங்கள்.

நீங்கள் விமானம் ஏறி இரண்டு மாதம் இருக்கும். போன வருஷம் பங்குனி. நெத்திலி கொட்டிக்கொண்டிருந்தது. பரப்புவது, திருப்பிப் போடுவது, வாருவது என்று நானும் அத்தையும் பகல் முழுக்க மணலில் கிடந்தோம். ஒருநாள் முகம் எரிந்தது. கண்ணாடியில் பார்த்தால் இரண்டு கன்னமும் மூக்கு மேடும் சிவந்து கிடக்கின்றன. அன்றைக்கு வலையில் சொறிமீன் நிறைய வந்திருந்தது. கண்ணாடிக் கிண்ணம் மாதிரி வழுவழுவென்று இருந்துகொண்டு பட்ட இடத்தையெல்லாம் எரிய வைக்குமே, அதுதான். மீன் உதறின கையால் முகத்தைத் துடைத்திருப்பாய் என்றாள் அத்தை. எனக்கும் அப்படித்தான் தோன்றியது. நம் குப்பத்தில் முகம் சிவந்தால் வேறு என்ன தோன்றும்?

சொறிமீனுக்கு நம் வீட்டு வைத்தியம் உங்களுக்குத் தெரியாததா? சுடுமணலைத் துணியில் முடிந்து ஒத்தடம். அப்புறம் விஷம் இறங்குகிறவரை வெயிலில் உட்காருவது. மூன்று நாள் உட்கார்ந்தேன். அத்தை அன்போடுதான் உட்காரவைத்தாள், பக்கத்திலேயே இருந்து நீராகாரம் கொடுத்தாள். சிவப்பு குறையவில்லை. கழுத்துக்கும் கைக்கும் இறங்கியது.

அதற்கப்புறம் ஒன்றன்பின் ஒன்று. காலையில் எழுந்தால் விரல் மடங்காது. ஒரு மணி நேரம் போனால்தான் டம்ளரைப் பிடிக்க முடியும். வாய்க்குள் புண். தலை வாரினால் சீப்பு நிறைய முடி. சாயங்காலமானால் லேசாகக் காய்ச்சல். அசதி என்றால் அப்படி ஒரு அசதி, மாமா, தண்ணீர்க் குடத்தைப் பார்த்தாலே அழுகை வரும். பொன்னேரியில் ஒரு டாக்டர் அலர்ஜி என்று களிம்பு கொடுத்தார். இன்னொருவர் ரத்தம் கம்மி என்று டானிக் எழுதினார். மூன்றாவது ஆள் இது விஷக்காய்ச்சல் விட்டுப்போன மூட்டுவலி என்றார். யாரையும் குறை சொல்லவில்லை. ஒவ்வொருவருக்கும் நான் அன்றைக்கு எது வலித்ததோ அதை மட்டும்தான் சொன்னேன். எல்லாவற்றையும் சேர்த்துச் சொல்ல வேண்டும் என்று எனக்கே தெரியாது.

சேர்த்துப் பார்த்தவள் நர்ஸ் ஜெஸ்ஸி அக்கா. தடுப்பூசி போடக் குப்பத்துக்கு வந்தவள், என் முகத்தைப் பார்த்து நின்றுவிட்டாள். சொறிமீன் என்றேன். சிரித்தாள். "சொறிமீன் பட்டா ஒரு பக்கமா படும். ரெண்டு கன்னத்துலயும் அளவெடுத்த மாதிரியா படும்? அதுவும் அஞ்சு மாசமா?" என்று கேட்டாள். மூக்குக்கும் கன்னத்துக்கும் நடுவில் இருக்கிற மடிப்பில் மட்டும் சிவப்பு ஏறாமல் இருக்கிறது என்று விரலால் தொட்டுக் காட்டினாள். காலை அழுத்தினாள். குழி விழுந்தது, நிரம்பவே இல்லை. ஒண்ணுக்குப் போனால் நுரைக்குதா என்று கேட்டாள். அந்தக் கேள்வியை அதுவரை யாரும் கேட்டதில்லை. நுரைத்துக்கொண்டுதான் இருந்தது. நாளைக்கே சென்னை பெரிய ஆஸ்பத்திரிக்குக் கிளம்பு, மூட்டு டாக்டரைப் பார், என்று கையோடு சீட்டு எழுதிக் கொடுத்தாள்.

நைனாதான் கூட்டிப்போனார். பன்னிரண்டு நாள் படுக்கையில் இருந்தேன். உங்களுக்கு மூன்று நாள் என்று சொன்னேன். ரத்தம் எடுத்தார்கள், எடுத்தார்கள், எடுத்துக்கொண்டே இருந்தார்கள். தன் உடம்பையே எதிரியாக நினைக்கிற ஏதோ ஒன்று ரத்தத்தில் ஓடுகிறதா என்று பார்க்கிற சோதனையாம். அது இருந்தால் மட்டும் நோய் என்று முடிவு கட்டிவிட மாட்டார்களாம், நல்லபடியாக இருக்கிறவர்களுக்குக்கூடச் சில நேரம் அப்படி வருமாம். அதனால் முகம், மூட்டு, வாய்ப்புண், ரத்த எண்ணிக்கை, சிறுநீர் எல்லாவற்றையும் சேர்த்து வைத்துப் பார்த்தார்கள். கடைசியாக முதுகுப் பக்கம் ஊசி விட்டுக் கிட்னியிலிருந்து நூல் துண்டளவு சதை எடுத்தார்கள். அப்புறம்தான் டாக்டரம்மா கட்டில் ஓரம் உட்கார்ந்து பெயரைச் சொன்னார். லூபஸ்.

நான் முதலில் கேட்டது, செத்துப்போவேனா என்று. பார்த்துக்கொண்டால் இல்லை என்றார். இரண்டாவது கேட்டது, நான் என்ன தப்பு செய்தேன் என்று. ஒன்றுமே இல்லை என்றார். ஒரே காரணம் என்று கையைக் காட்ட முடியாதாம். பிறக்கும்போதே உடம்பில் கொஞ்சம் சாய்வு இருக்கும், வெயிலோ, ஏதாவது கிருமியோ, சில மருந்தோ, பெண் உடம்பின் சுரப்போ வந்து ஒருநாள் தள்ளிவிடும். பத்துப் பேருக்கு வந்தால் ஒன்பது பேர் பொம்பளைகள். ஒட்டிக்கொள்ளாது. ஒரே தட்டில் சாப்பிடலாம், ஒரே பாயில் படுக்கலாம். அடியோடு போகாது, ஆனால் அடக்கி வைக்கலாம் என்றார். அடங்காத ஜமுனாவுக்கு அடக்கி வைக்கிற நோய் என்று நைனா சொல்லிவிட்டு அந்தப் பக்கம் திரும்பி அழுதார்.

மருந்தைப் பற்றியும் சொல்கிறேன், ஏனென்றால் வழக்கே அதில்தான். மலேரியாவுக்குக் கொடுக்கிற ஜாதி மாத்திரை ஒன்று தினமும். அதற்காக வருஷத்துக்கு ஒருமுறை கண்ணைச் சோதிக்க வேண்டும். ஸ்டீராய்டு முதலில் நிறைய, அப்புறம் கொஞ்சம் கொஞ்சமாகக் குறைப்பது. அதை நாமாகத் திடீரென்று நிறுத்தினால் உயிருக்கே ஆபத்து. என் மூஞ்சி உப்பி இட்லி மாதிரி ஆனது அதனால்தான், நல்ல சாப்பாட்டால் இல்லை. இப்போது பாதி வடிந்துவிட்டது. மூன்றாவது, கிட்னியைக் காப்பாற்றுகிற பெரிய மாத்திரை. அது ஓடும்போது கர்ப்பம் தரிக்கக் கூடாது, குழந்தைக்கு ஊனம் வரும்.

உங்கள் அக்கா உங்களிடம் சொன்னது இந்தக் கடைசி வரி மட்டும்தான். ஜமுனா குழந்தை வேண்டாம்னு மாத்திரை முழுங்குகிறாள் என்று. நீங்களும் சித்திரையில் போன் போட்டு, அதையெல்லாம் தூக்கிப் போட்டுவிட்டு நாட்டு மருந்து சாப்பிடு என்றீர்கள். முடியாது என்றேன். ஏன் என்று கேட்காமலேயே வைத்துவிட்டீர்கள். கேட்டிருந்தால் சொல்லியிருப்பேன். சிறுநீரில் புரதம் ஒழுகுவது போன மாதப் பரிசோதனையில் ஏறக்குறைய நின்றிருக்கிறது. இன்னும் ஆறு மாதம் இப்படியே அடங்கி இருந்தால், குழந்தைக்கு ஆபத்தில்லாத வேறு மாத்திரைக்கு மாற்றுவார்கள். அப்புறம் அவர்கள் கண் பார்வையிலேயே நாம் குழந்தை பெறலாம். நிறையப் பேர் பெற்றிருக்கிறார்களாம். அஞ்சாம் மாசத்தில் நாம் பறிகொடுத்ததை நான் மறந்துவிட்டேன் என்றா நினைத்தீர்கள்? குழந்தைக்கென்று சேர்த்து வைத்த அந்தச் சின்னத் துணிகள்கூட இன்னும் டிரங்குப் பெட்டியில்தான் இருக்கின்றன.

கை வலிக்கிறது. நாளைக்கு எழுதுகிறேன்.

புதன். மத்தியானம்தான் விரல் நன்றாக மடங்குகிறது, அதனால் இப்போது உட்கார்ந்தேன். கூட்டத்துக்கு வருகிறேன்.

அண்ணி ஊரில் வைத்த பிராது இதுதான். நோயை மறைத்துக் கட்டிக்கொடுத்தார்கள். இவளால் பிள்ளை இல்லை. வேலை செய்யாமல் நிழலில் உட்கார்ந்துகொண்டு குடை பிடித்துச் சீன் போடுகிறாள். தம்பியை விலக்கிவிட வேண்டும். குப்பத்துப் பிள்ளைகள் என்னைக் குடைக்காரி என்றுதான் கூப்பிடுகிறார்கள், அது உங்களுக்குத் தெரியாது. வெயில் பட்டால் நோய் கிளம்பும் என்பதால் வெளியே போனால் குடை, உங்கள் பழைய முழுக்கைச் சட்டை, முகத்துக்குக் களிம்பு. வேலை செய்யாமல் இல்லை. சூரியன் கிளம்புமுன் பரப்பி, இறங்கின பிறகு வாரிவிடுகிறேன். நடுவில் திருப்பிப் போடுவது மட்டும் அத்தை. அதற்கு அவள் முணுமுணுப்பதும் உண்டு.

ஊர்க்கூட்டத்து வழக்கம் உங்களுக்குத் தெரியும். பெரியவர்கள் கங்கையம்மன் கோவில் பந்தலுக்குக் கீழே. பிராதில் சிக்கினவர் செருப்பைக் கழற்றிவிட்டுத் தலையில் ஒன்றும் இல்லாமல் எதிரே வெறும் மணலில் நிற்க வேண்டும். பொம்பளைக்காக அவள் அப்பனோ அண்ணனோ பேசுவான். அவள் கோவில் சுவருக்குப் பின்னால் நிற்பாள். ஊர் முன்னால் குடை பிடித்தால் ஊரை மிதித்த மாதிரி. இதுவரை யாரும் பிடித்ததில்லை, மழையில்கூட.

அக்னி நட்சத்திரம், பதினோரு மணி. நானே பேசுறேம்மா என்றார் நைனா. அவர் பேசினால் மன்னிச்சுடுங்க என்றுதான் ஆரம்பிப்பார், அங்கேயேதான் முடிப்பார். நான் செய்யாத தப்புக்கு எதற்கு மன்னிப்பு? செருப்பைக் கழற்றினேன். கருப்புக் குடையை விரித்துக்கொண்டு மணலுக்கு நடுவில் போய் நின்றேன். ஒரு கம்பி உடைந்து தொங்கிக்கொண்டிருந்தது, அது வேறு மானத்தை வாங்கியது.

ஒரே கூச்சல். பால்ராஜ் அண்ணன் எழுந்து, "இன்னா திமிரு பாரு, சினிமாவுக்கு வந்த மாதிரி நிக்கிறா" என்றார். தலைவர் குடையை மடக்கு என்றார். மடக்க மாட்டேன் என்றேன். இன்னொரு தடவை சொன்னார், கோபத்தோடு. பயம் இருந்தது, மாமா, பொய் சொல்லவில்லை. ஆனால் வாயை மூடவில்லை. "தலைவரே, ஊர் முன்னாடி நின்னு பதில் சொல்லத்தான் வந்தேன், ஊர் முன்னாடி நின்னு சாக வரல. இந்த வெயில் எனக்கு வெஷம். நெழல்ல நிக்க வுடுங்க, இல்லன்னா குடையோட நிக்க வுடுங்க. ரெண்டும் முடியாதுன்னா பேசி முடிச்சுட்டு என்னை மணல்ல புதைச்சுடுங்க" என்றேன்.

அப்போதுதான் உங்கள் பதினோரு வினாடியைப் போட்டார்கள். இரண்டாம் தடவை முடிந்ததும் எனக்குள் எது பயந்துகொண்டிருந்ததோ அது அடங்கிவிட்டது. இதற்கு மேல் இழக்க என்ன இருக்கிறது?

தலைவரைப் பார்த்துக் கேட்டேன். ஆறு வருஷம் முன்னால் மார்கழிப் பனியில் வெளியூர் போட் வந்துவிட்டது என்று நம் பசங்கள் கத்தியை எடுத்துக்கொண்டு போய், ஆள் தெரியாமல் அவர் வலையையே அறுத்தார்களே, ஞாபகம் இருக்கிறதா என்று. பந்தலுக்குக் கீழே சிரிப்பு கிளம்பியது. தலைவருக்கு மட்டும் சிரிப்பு வரவில்லை. அறுத்தவர்களில் நீங்களும் ஒருவர், மறந்திருக்க மாட்டீர்கள்.

"பசங்க கெட்டவங்களா? ஊரைக் காப்பாத்தத்தான் போனாங்க. சொந்த வலைன்னு தெரியாம அறுத்துட்டாங்க. என் ஒடம்புலயும் அதான் நடக்குது. நோவு வராம காவல் காக்கிற அணுங்க, வெளியூர் போட்டுன்னு நெனச்சி என் தோலையும் கிட்னியையும் அறுக்குதுங்க. அன்னிக்கு பசங்களைக் கூப்ட்டு கண்டிச்சீங்க, அறுந்த வலைய ஒக்கார்ந்து பொத்துனீங்க. வலைய ஊரை வுட்டுத் தள்ளி வெக்கல. என்னை மட்டும் ஏன் தள்ளி வெக்கணும்?"

பால்ராஜ் அண்ணன்தான் விடவில்லை. மாத்திரை இன்னா செய்யுது என்றார். காவல் பசங்களின் கையைக் கட்டுகிறது என்றேன். "கையைக் கட்டிட்டா நெஜமாவே வெளியூர் போட்டு வந்தா இன்னா செய்வே?" என்று மடக்கினார். அவரை நான் இத்தனை நாள் வெறும் வாய் என்று நினைத்திருந்தேன். டாக்டர் கேட்க வேண்டிய கேள்வியைக் கேட்டுவிட்டார். சரியாகச் சொன்னீங்கண்ணே, அதனால்தான் முழுசாகக் கட்டுவதில்லை, அளவாகக் கட்டுகிறார்கள், காய்ச்சல் வந்தால் அன்றைக்கே ஆஸ்பத்திரிக்கு ஓட வேண்டும் என்றேன். அவர் தலையை ஆட்டிக்கொண்டு உட்கார்ந்துவிட்டார்.

அப்புறம் அண்ணி எழுந்தாள். மறைத்துக் கட்டிக்கொடுத்தார்கள் என்று திரும்பவும் ஆரம்பித்தாள். கல்யாணம் ஆகி அஞ்சு வருஷம் கழித்து வந்த நோயை எப்படி மறைப்பது? எப்படி ஆரம்பித்தது என்று முதலிலிருந்து சொன்னேன். கன்னத்துச் சிவப்பு. விரல் மடங்காதது. சீப்பில் வந்த முடி. வாய்ப்புண். கால் வீங்கிக் குழி விழுந்தது. சொறிமீன் என்று நினைத்துச் சுடுமணலில் உட்கார்ந்தது.

இந்த இடத்தில் உங்களிடம் ஒன்று சொல்ல வேண்டும். நம் ஹேமாவதியைப் பற்றி ஆஸ்பத்திரியிலேயே டாக்டரம்மாவிடம் கேட்டுவிட்டேன். உங்களுக்குத் தங்கச்சி என்பதைவிட எனக்கு அவள் கூட்டாளி. பத்தொன்பது வயசில் போனாளே, கன்னம் சிவந்து, முடி கொட்டி, கடைசியில் உடம்பு ஊதி மூச்சு வாங்கி. அதெல்லாம் எனக்கு ஒவ்வொன்றாக வர வர நான் அவளைத்தான் நினைத்தேன். அவளுக்கும் இதே நோய் இருந்திருக்கலாம், சோதனை செய்யாமல் உறுதியாகச் சொல்ல முடியாது என்றார் டாக்டரம்மா. அந்த "இருந்திருக்கலாம்" என்ற வார்த்தையை எட்டு மாதம் வயிற்றுக்குள்ளேயே வைத்திருந்தேன். ஏனென்றால் அவளைச் சுடுமணலில் உட்காரவைத்தது யார் என்று எனக்குத் தெரியும். ஞாயிற்றுக்கிழமையும் அவள் பெயரை நான் எடுக்கவில்லை. எடுத்திருந்தால் அரை நிமிஷத்தில் ஜெயித்திருப்பேன். அப்படி ஜெயிக்க எனக்கு மனசு வரவில்லை.

அத்தை தானாகவே கண்டுபிடித்துவிட்டாள். கோவில் சுவருக்குப் பின்னாலிருந்து ஒரு சத்தம் வந்தது. அது அழுகையா கூப்பாடா என்று தெரியவில்லை. உங்கள் அம்மா ரங்கம்மாள், ஊர் முன்னால் இதுவரை வாய் திறக்காதவள், சுவரைச் சுற்றிக்கொண்டு ஓடி வந்து மணலில் நின்றாள். "எம்பொண்ணுக்கும் இதேதாண்டி! இதே கன்னம், இதே காலு! நாந்தான் அவளை வெயில்ல ஒக்கார வெச்சேன், சொறின்னு சொல்லி ஒக்கார வெச்சேன்" என்று மார்பில் அடித்துக்கொண்டாள். அப்புறம் அண்ணியைப் பார்த்துத் திரும்பினாள். "மறைச்சிக் கட்டி வெச்சான்னு சொல்றியே, யாரு மறைச்சா? இவ என் அண்ணன் பொண்ணு. இது வெளியிலேர்ந்து வந்த நோவு இல்ல, நம்ப ரத்தம். ஒருத்தியை வாரிக் குடுத்துட்டேன். இவளைத் தொட வுட மாட்டேன். தள்ளி வெக்கணும்னா ரெண்டு பேரையும் தள்ளி வைங்க" என்றாள்.

சொல்லிவிட்டு என் கையிலிருந்து குடையைப் பிடுங்கி, அவளே தூக்கிப் பிடித்தாள். என்னைவிட ஒரு சாண் குட்டை அல்லவா, குடை என் தலையில் இடித்தது. அப்படியேதான் நின்றோம்.

தலைவர், குடை இருக்கட்டும் என்றார். மனுசன் வாழ்றதா வேணாமான்றதை எஞ்சின் சத்தத்துக்கு நடுவுல சொன்ன பேச்சை வெச்சி ஊர் முடிவு பண்ணாது, அவன் கையெழுத்து வரட்டும், இல்லை ஆளே வரட்டும் என்றார். அதுவரை ஜமுனா ரங்கம்மாள் வீட்டில்தான் இருப்பாள் என்று எழுதிவைத்தார்கள்.

வீட்டுக்கு வந்ததும் அத்தை என்னிடம் கேட்டது ஒன்றுதான். நாந்தான் கொன்னுட்டேனா என்று. ஜெஸ்ஸி அக்காவை வரவழைத்தேன், என் வார்த்தையை நம்ப மாட்டாள் என்று. வெயில் நோயைத் தூண்டிவிட்டிருக்கலாம், ஆனால் உள்ளே உறுப்புகளைக் கெடுத்தது நோய், அன்றைக்கு இந்தப் பேர் யாருக்கும் தெரியாது, தெரிந்து செய்தால்தான் பாவம் என்று ஜெஸ்ஸி அக்கா அவள் கையைப் பிடித்துக்கொண்டு சொன்னாள். அத்தை ஒத்துக்கொள்ளவில்லை, ஆனால் கஞ்சி குடித்தாள். மறுநாள் எழுந்து பார்க்கிறேன், வலை பொத்துகிற நைலான் நூலால் குடையின் உடைந்த கம்பியைக் கட்டிக்கொண்டிருக்கிறாள்.

கஸ்தூரி அண்ணி மேல் எனக்குக் கோபம் இருக்கிறது, பகை இல்லை. அவளும் தங்கச்சியைப் பறிகொடுத்தவள்தான். நேற்று வாசல்வரை வந்து, உள்ளே வராமல், அவள் பெண் வெண்ணிலாவுக்கும் இது வருமா என்று கேட்டாள். ரத்த சொந்தத்தில் இருக்கிற எல்லோருக்கும் வராது, பெரும்பாலானவர்களுக்கு வராது, ஆனால் முகம் சிவந்து மூட்டு வலித்தால் சொறிமீன் என்று சும்மா இருக்காதே, ஜெஸ்ஸி அக்காவிடம் காட்டு என்றேன். சரி என்று போனாள். அவளாக உள்ளே வருவாள், எனக்கு அவசரம் இல்லை.

இனி உங்கள் முறை.

நான் கெஞ்சுவேன் என்று எதிர்பார்க்காதீர்கள். மாத்திரையை நிறுத்த மாட்டேன். யார் சொன்னாலும், நீங்களே காலில் விழுந்தாலும். இந்த வீட்டை விட்டுத் திருட்டுத்தனம் செய்தவள் மாதிரி போகமாட்டேன். வெயிலில் நிற்க மாட்டேன், குடையை மடக்க மாட்டேன். ஒருநாள் நன்றாக இருப்பேன், மறுநாள் படுத்துவிடுவேன். சில வருஷம் நோய் தூங்கும், சில வருஷம் எழுந்து ஆடும். இப்படித்தான் இனி ஜமுனா. இவள் வேண்டுமா, வேண்டாமா என்பதை எழுதுங்கள். வேண்டாம் என்றால் அதற்கும் நான் சாகமாட்டேன். அந்தப் பேஜார் எல்லாம் போன வருஷமே முடிந்துவிட்டது.

ஆனால் எழுதுவதற்கு முன்னால் ஒரு நிமிஷம் எஞ்சினை அணைத்துவிட்டு யோசி, மாமா. முகத்துவாரத்தில் நீ எனக்கு நீச்சல் கற்றுக்கொடுத்தபோது நான் மூழ்கினேன். கையை விடவில்லையே நீ. உனக்குப் பத்து வயசு, எனக்கு ஏழு. அன்றைக்கு யாரையும் கேட்கவில்லை, எந்த ஊரையும் கூட்டவில்லை. பிடித்துக்கொண்டாய், அவ்வளவுதான்.

வருவதாக இருந்தால் எனக்குத் தங்கம், சென்ட் எதுவும் வேண்டாம். ஒரு நல்ல குடை வாங்கி வா. நம் ஊர்க் கடலோரக் காற்றுக்குத் திரும்பாத கம்பியாக. இரண்டு பேர் நிற்கிற அளவுக்குப் பெரிசாக.

கங்கையம்மா உன் போட்டுக்கு முன்னால் போகட்டும். காற்று உனக்குச் சாதகமாக அடிக்கட்டும்.

உன் பதில் எதுவானாலும் நிமிர்ந்து நின்று படிக்கப்போகிற,
ஜமுனா.

பின்குறிப்பு: அத்தைக்கு முழுவதையும் படித்துக் காட்டினேன். ஹேமா வருகிற இடத்தில் நிறுத்தச் சொன்னாள், அப்புறம் படி என்றாள். எல்லாம் சரி, குடையை மட்டும் மாத்தி எழுது, மூணு பேருக்கு நிக்கிற மாதிரி வாங்கியாரச் சொல்லு என்றாள். மூணாவது நீயா அத்தை என்று கேட்டேன். அவள் டிரங்குப் பெட்டியைத் திறந்து, அந்தச் சின்னத் துணிகளை எடுத்து உதறி, வாசல் கொடியில் காயப்போட்டுவிட்டு வந்தாள். வெளியே நல்ல வெயில்.